ஏழு விநாடியும் ஒரு கதவுக் கீலும்

வாயைத் திறக்காமல் நின்றதற்காக ஒரு மனிதனுக்குப் பாராட்டுக் கடிதம் வரும் என்பது அந்த ஆங்கில வாத்தியாருக்கு நாற்பத்தாறு வயதுவரை தெரியாது. அவர் இருபத்திரண்டு வருஷமாகப் பேசியே பிழைத்தவர். தொண்டை கட்டிக்கொண்ட நாட்களில்கூட வெந்நீரைக் குடித்துவிட்டு இறந்தகாலம் நடத்தியவர். அப்பேர்ப்பட்டவரை உச்சாணிக் கொம்பில் ஏற்றி வைத்தது ஏழே விநாடி மௌனம். அந்த மௌனத்தின் லட்சணம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று வெகுநாள் வரைக்கும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைய பாடம் வீட்டின் பாகங்கள். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு கதவுப் படத்தை மாட்டியிருந்தார். கடைசி பெஞ்சில், அயல்மொழி போதனை ஆய்வு மற்றும் ஆசிரியர் ஆயத்த மையத்திலிருந்து வந்த ஆய்வாளர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாததால் எல்லோரும் ‘மையம்’ என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். அம்மாளின் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச், மடியில் ஒலிப்பதிவுக் கருவி, கையில் பதினோரு பக்கப் படிவம். வந்த பத்தாவது நிமிஷத்தில் பிள்ளைகள் அவருக்கு ஸ்டாப்வாட்ச் அம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வாத்தியார் குச்சியால் படத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். கதவு, பூட்டு, சாவி, கைப்பிடி எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேர் சொன்னார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, போதாத காலம், குச்சி தானாக நகர்ந்து கதவையும் நிலையையும் சேர்த்துப் பிடிக்கிற அந்த இரும்புத் துண்டின் மேல் போய் நின்றது.

“வாட் இஸ் திஸ்?” என்றார்.

கேட்ட பிறகுதான் தனக்கே தெரியவில்லை என்பது தெரிந்தது. கீல் என்று தமிழில் வந்தது. ஆங்கிலத்தில் வரவில்லை. நேற்றுவரை வீட்டு ஆளாக இருந்த வார்த்தை இன்றைக்குப் பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார், கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பின்னால் ஸ்டாப்வாட்ச் ‘டிக்’ என்று ஓட ஆரம்பித்தது அவருக்கே கேட்டது. காதோரம் வியர்வை இறங்கியது.

அப்போது மூன்றாவது பெஞ்சில், தச்சர் மகள், பென்சிலின் பின்புறத்தைக் கடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“ஹிங்கே.”

அவள் அப்பா கீல் வாங்கும் அட்டைப்பெட்டியின் மேல் அந்த வார்த்தை ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். காலிப்பெட்டி ஒன்றில்தான் அவள் பென்சில்களைப் போட்டு வைத்திருந்தாள். தினம் தினம் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தனக்குத் தெரிந்தபடி ‘ஹிங்கே’ என்று வாசித்து வைத்திருந்தாள். அது காதில் விழுந்த கணத்தில் ஓடிப்போன வார்த்தை வாத்தியாருக்குத் திரும்பி வந்தது. ஹிஞ்ச். அட, இதுதானே.

“வெரி குட், சிட் டவுன்,” என்றார். போன உயிர் திரும்பி வந்த குரல். உச்சரிப்பைத் திருத்த வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சரி, நாளைக்குச் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று குச்சியை மேஜையில் வைத்தார்.

மறுநாள் ஸ்டாப்வாட்ச் அம்மா மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் நேற்றைய பாடத்தைத் திருத்துவது நன்றாக இருக்காது என்று வாத்தியார் வேறு பாடத்துக்குப் போனார். அதற்கு மறுநாள் தேர்வு வேலை. அதற்கு மறுநாள் அவருக்கே நினைவில்லை.

மூன்று வாரம் கழித்து மையத்திலிருந்து அறிக்கை வந்தது. அறுபத்திரண்டு பக்கம். ஆசிரியர் ஓய்வறையில் உட்கார்ந்து வாத்தியார் அதைப் படித்தார். அவருடைய ஏழு விநாடியை மையம் விநாடி விநாடியாக வகுத்து ஆராய்ந்திருந்தது. முதல் விநாடி அழைப்பு. மூன்றாவது விநாடியில் ஆசிரியர் மேலே பார்க்கிறார். அதிகாரத்தை மேலே ஒப்படைக்கிறார். ஐந்தாவது விநாடியில் வியர்க்கிறார். பிள்ளையின் உழைப்பில் பங்கெடுத்துக்கொள்கிறார். ஏழாவது விநாடி முடிவில், மூன்று மாதமாக வகுப்பில் வாயே திறக்காத ‘பங்கேற்பாளர் பதினேழு’ தாமாக முன்வந்து ஒரு சொல் சொல்கிறார்.

அந்தச் சொல் ‘இங்கே’ என்று போட்டிருந்தது.

ஒலிப்பதிவை முப்பது தடவை கேட்டதாகவும், சொல்லுக்கு முன்னால் வந்த ‘ஹ்’ என்பது நெடுநாள் அடக்கி வைத்த பெருமூச்சு என்று நிபுணர் குழு உறுதி செய்ததாகவும் அடிக்குறிப்பு சொன்னது. ஆசிரியர் ‘இது என்ன’ என்று கேட்கிறார். பிள்ளை ‘இங்கே’ என்கிறது. கேள்விக்கும் விடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆகவே இது சுதந்திரமான சிந்தனை. மொழி எங்கே பிறக்கிறது என்று கல்வி உலகம் இத்தனை காலம் தேடியது, ஒரு பிள்ளை ‘இங்கே’ என்று காட்டிக் கொடுத்துவிட்டது. இனி இது ‘இங்கே கோட்பாடு’ என்று வழங்கப்படும்.

தலைமையாசிரியர் அறிக்கையோடு கூடவே வந்த பாராட்டுக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு வாசலுக்கு நேரே மாட்டினார். மைத்துனர் போன் செய்து, “என்ன மாமா, பேசாமலே பேர் வாங்கிட்டீங்களாமே,” என்று சிரித்தார். வாத்தியாரும் சிரித்து வைத்தார்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். அந்த அம்மாள் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர். அரைவேக்காட்டுப் பேச்சு பேசத் தெரியாது.

“அப்ப அந்தப் பொண்ணு சொன்னது தப்பு. நீங்க அதுக்கு வெரி குட் சொல்லிட்டீங்க.”

“அவசரத்துல சொல்லிட்டேன்.”

“திருத்தினீங்களா?”

“இப்பப் போய்த் திருத்தினா, அப்ப நான் எதுக்கு நின்னேன்னு கேப்பாங்க.”

“எங்க கடையில மாத்திரை மாத்திக் குடுத்துட்டா, அவங்க தெரு முனை திரும்புறதுக்குள்ள ஓடிப் போய் வாங்கிட்டு வருவோம். நீங்க என்னடான்னா கடிதத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டிட்டு உக்காந்திருக்கீங்க.”

“அது தலைமையாசிரியர் மாட்டினது,” என்றார் வாத்தியார்.

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து வாத்தியாருக்கு ஒரு வியாதி பிடித்தது. போகிற இடமெல்லாம் கீல் கண்ணில் பட்டது. ஒரு கதவுக்கு மூன்று. வகுப்புக்கு இரண்டு கதவு. ஜன்னல் வேறு. உலகத்தில் இத்தனை கீல் இருக்கும் என்று அவர் கண்டாரா?

அடுத்த மாதம் மையம் அவரைப் பயிற்சிக்கு அழைத்தது. பயிற்சி பெறுவதற்கு இல்லை, கொடுப்பதற்கு. நாற்பது ஆசிரியர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தின் பெரிய கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதற்கு முட்டாக ஆய்வுத் தொகுதிகள் மூன்றைக் கீழே அடுக்கி வைத்திருந்தார்கள். கூடத்துக்கு வெளியே எழுத்தர் ஒருவர் அந்தக் கதவைத் தோளால் தாங்கியபடி கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார்.

“கதவுக்கு என்னங்க?” என்று வாத்தியார் கேட்டார்.

“மேல இருக்கிற கீல் ஒடஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது சார். பழுதுப் படிவத்தை இங்கிலீஷ்லதான் நிரப்பணும்னு இங்க விதி. கீலுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு எல்லாரையும் கேட்டுப் பாத்துட்டேன். பெரியவங்க எல்லாம் அது எங்க துறை இல்லைன்னுட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?”

வாத்தியார் வாயைத் திறந்தார். அந்த வார்த்தையை இந்தக் கட்டிடத்தில் சொன்னால் பாம்பு புற்றிலிருந்து தலையை நீட்டிவிடும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டார். எழுத்தர் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, “ஆகா, ஏழு விநாடி,” என்று மரியாதையாகத் தலையாட்டினார்.

பயிற்சி வருகைப் பதிவோடு தொடங்கியது. பெயரைக் கூப்பிட்டதும் யாரும் உடனே பதில் சொல்லக் கூடாது, ஏழு விநாடி காத்திருந்து சொல்ல வேண்டும். நடுவில் யாராவது இருமினால் முதல் பெயரிலிருந்து மறுபடியும். குளிர்காலம் ஆனதால் தேநீர் இடைவேளை வரும்போதுதான் முதல் பத்துப் பேர் வந்திருப்பது உறுதியானது. பிறகு எல்லோரும் மௌனத் திட்டக் குறிப்பு எழுதினார்கள். எந்த மௌனம், எந்த இடத்தில், அதற்குத் தேவையான துணைப்பொருள் என்ன.

ஒரு ஆசிரியை கை தூக்கி, “ஏழு விநாடி முடிஞ்சும் பிள்ளை பதில் சொல்லலைன்னா என்ன பண்றது?” என்று கேட்டார்.

“இன்னொரு ஏழு,” என்றார் ஸ்டாப்வாட்ச் அம்மா.

“அப்பவும் சொல்லலைன்னா?”

“மணி அடிச்சிடும்மா.”

மதியத்துக்கு மேல் இயக்குநரே வந்தார். வெள்ளை முடி, நிதானமான பேச்சு, எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற வழக்கம். “நம்ம ஆசிரியர் அந்த முகபாவத்தை ஒரு தடவை செஞ்சு காட்டணும்,” என்றார்.

வாத்தியார் எழுந்து நின்று கூரையைப் பார்த்தார். வியர்வையே வரவில்லை.

“அன்னைக்கு இருந்த ஆழம் இல்லையே. எதையோ தேடுற மாதிரி இருக்கணும்,” என்றார் இயக்குநர்.

எப்படி வரும்? இப்போதுதான் ஹிஞ்ச், ஹிஞ்ச் என்று மண்டைக்குள் இருபத்து நாலு மணி நேரமும் அடித்துக்கொண்டிருக்கிறதே. தெரிந்ததைத் தெரியாதது போல் காட்டுவது, தெரியாததைத் தெரிந்தது போல் காட்டுவதைவிடக் கஷ்டம் என்று அன்று கண்டுகொண்டார். இரண்டாவதில் அவருக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம் இருந்தது. ஆறு தடவை செய்து பார்த்தார். கடைசியில் அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்து, குற்ற உணர்ச்சியில் முகம் சுருங்கியது. “ஆங், இதுதான்,” என்று இயக்குநர் கைதட்டினார். நாற்பது பேரும் அந்த முகத்தைப் பார்த்து அப்படியே வைத்துக்கொண்டு பழகினார்கள்.

வருஷக் கடைசியில் மையம் ஒரு வாய்மொழித் தேர்வு வைத்தது. தேறிய பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போகலாம். தேறாதவர்கள் ஆயத்தப் பிரிவுக்குப் போக வேண்டும். அது நடைபாதைக் கோடியில், உடைந்த மேஜை நாற்காலி போட்டு வைக்கிற அறைக்குப் பக்கத்து அறை. அங்கே இரண்டு வருஷம் ஆங்கில எழுத்துகளை முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பார்கள். கணக்கு, அறிவியல் எல்லாம் எழுத்து முடிந்த பிறகுதான். மறுதேர்வு வருஷத்துக்கு ஒரு முறை. அங்கே போன பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை, வேலைக்குப் போய்விடுவார்கள்.

தேர்வு முடிந்த வாரம் தச்சர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சட்டைப் பையில் அடிக்கோலும் பென்சிலும், கையில் மடித்த ஒரு தாள். ஓய்வறை வாசலிலேயே நின்றார்.

“சார், பொண்ணை ஆயத்தப் பிரிவுல போட்டிருக்காங்க. தாள்ல என்னமோ எழுதியிருக்கு. நீங்க படிச்சுச் சொன்னா தேவலை.”

வாத்தியார் வாங்கிப் பார்த்தார். காட்டிய படம், கதவின் பாகம். கேள்வி, இது என்ன. விடை, இங்கே. காத்திருந்த நேரம், அரை விநாடி. குறை ஒன்று, அவசர விடை. பிள்ளைக்கு மௌனம் பழக்கப்படவில்லை. குறை இரண்டு, தாய்மொழிக் குறுக்கீடு. ஆங்கிலத்தில் கேட்டதற்குத் தமிழில், அதுவும் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறது.

அவருக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது.

“அவ நல்லாத்தான் சார் சொன்னாளாம். நீங்க வெரி குட் சொன்ன வார்த்தையாம் அது. அதனாலதான் பட்டுனு சொன்னேன் அப்பான்னு அழுவுறா,” என்றார் தச்சர். “பட்டறையில எனக்குப் பலகைக் கணக்கெல்லாம் அவதான் சார் போட்டுத் தர்றா. அங்க கணக்கே கிடையாதாமே?”

“நான் பேசிப் பாக்கறேன்.”

“நானும் இப்பல்லாம் கடையில போய் ஹிங்கே குடுங்கன்னுதான் கேக்கறேன். கடைக்காரர் சிரிக்கிறார். எங்க சார் சொல்லிக் குடுத்தது, உனக்கு என்னய்யா தெரியும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைப் பார்க்க வாத்தியாருக்குத் தைரியம் போதவில்லை. தாளை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மையத்தில் சரிபண்ணிவிட்டு வந்து நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டார். மறுபடியும் நாளைக்குத்தான்.

இயக்குநர் அறையில் அவரை நன்றாகவே உட்கார வைத்தார்கள்.

“சார், அந்தப் பங்கேற்பாளர் பதினேழும், இப்ப நீங்க ஆயத்தப் பிரிவுல போட்டிருக்கிற பொண்ணும் ஒரே ஆள். ரெண்டு தடவையும் அவ சொன்னது ஒரே வார்த்தை.”

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். “அப்படிச் சொல்லாதீங்க. ஆய்வுல பங்கெடுத்த பிள்ளை யாருன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அது எங்க ஒழுக்க நெறி. எனக்கே தெரியக் கூடாது. இப்ப நீங்க சொன்னதை நான் கேக்கல.”

“அந்தப் பிள்ளைக்கு ரெண்டு வருஷம் போயிடும் சார்.”

“எந்தப் பிள்ளைக்கு?”

“பதினேழுக்கு.”

“பதினேழுக்கு ஒரு குறையும் இல்லையே. போன வாரம்கூட அதைப் பத்தி ரெண்டு கட்டுரை வந்திருக்கு. நல்லா வளந்துட்டு வருது.” இயக்குநர் கண்ணைத் திறந்து கனிவாகப் பார்த்தார். “பாருங்க, பிள்ளைங்க மேல பாசம் இருக்கலாம். எங்களுக்கும் இருக்கு. அதனாலதான் நாங்க நேர்ல பாக்கறதே இல்லை. அடுத்த மாசம் மாநாட்டுல நீங்க பேசறீங்க. மறந்துடாதீங்க.”

வாத்தியார் மாநாட்டுக்குப் போனார். இந்தத் தடவை நாளைக்கு என்று தள்ளிப்போட மாட்டேன் என்று மனைவியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். மையத்தின் அதே கூடத்தில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். சாய்ந்த கதவுக்கு முட்டாக இப்போது ஐந்து தொகுதி இருந்தது. இயக்குநர் அவரை ‘மௌனத்தின் தந்தை’ என்று அறிமுகம் செய்துவிட்டு உட்கார்ந்தார்.

ஒலிபெருக்கியின் முன்னால் போனார். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார். முந்நூறு பைகளிலிருந்து முந்நூறு ஸ்டாப்வாட்ச் வெளியே வந்தது. ஏழாவது விநாடியில் கைதட்டல் எழுந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மறுபடியும் முயன்றார். பதினாலாவது விநாடியில் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். இருபத்தொன்றில் முன்வரிசையில் ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உக்காருங்க,” என்றார் வாத்தியார். “எனக்கு அன்னைக்கு அந்த வார்த்தை மறந்துபோச்சு.”

கூடம் அடங்கியது.

“வேற ஒண்ணும் இல்லை. கதவுக் கீலுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு எனக்கு மறந்துபோச்சு. முழிச்சிட்டு நின்னேன். அந்தப் பொண்ணு பாவம் பாத்து எடுத்துக் குடுத்தா. அவ சொன்னது ‘இங்கே’ இல்லை. ஹிஞ்ச்சைத்தான் எழுத்துக்கூட்டி ‘ஹிங்கே’ன்னு சொன்னா. பெட்டி மேல பாத்துத் தானா படிச்சது. நான் திருத்தியிருக்கணும். திருத்தல. என் பேர் கெட்டுப்போகும்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நான் வெரி குட் சொன்னதாலதான் அவ உங்க தேர்வுலயும் அதையே சொன்னா. தப்பு பண்ணினது நான். அவளை வகுப்புல போடுங்க. என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க.”

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாயிற்று. வேலை போனாலும் போகட்டும் என்று நின்றார்.

இயக்குநர் மெதுவாக எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். கண் மூடியிருந்தது.

“நண்பர்களே, நாம இத்தனை நாளா மௌனத்தை மட்டும் பாத்தோம். மௌனத்துக்குப் பின்னாடி இருந்த மறதியைப் பாக்கத் தவறிட்டோம். வாத்தியாருக்குத் தெரியாதப்பதான் பிள்ளை பேசுது. அப்படின்னா, தெரியாம இருக்கிறது ஒரு குறை இல்லை, அது ஒரு தகுதி. யோசிச்சுப் பாத்தா, இந்த மையம் இத்தனை வருஷமா ஆசிரியர்களை அதுக்காகத்தான் தயார் பண்ணிட்டு வந்திருக்கு. நமக்கே அது தெரியாம இருந்திருக்கு. அதுவும் ஒரு தகுதிதான்.”

கைதட்டலில் சாய்ந்த கதவு ஆடியது. ஸ்டாப்வாட்ச் அம்மா அங்கேயே புதுப் படிவத்தின் வரைவை எழுத ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியர் ஒரு வார்த்தையையாவது மறக்க வேண்டும், எதை மறக்கப்போகிறோம் என்பதை முந்தின நாளே எழுதித் தர வேண்டும்.

“அந்தப் பொண்ணு, சார்?” என்று வாத்தியார் இயக்குநரின் சட்டைக் கையைப் பிடித்தார்.

“மேடையில வச்சு அடையாளத்தைச் சொல்லிட்டீங்க. விதிப்படி பெரிய குத்தம். ஆனா அந்தப் பொண்ணு யாருன்னு நீங்க மறந்துட்டதா எழுதிக்கறோம்,” என்றார் இயக்குநர். “கவலைப்படாதீங்க.”

அன்று அவர் பேசியதில் உருப்படியான பலன் அடைந்தவர் ஒரே ஒருவர். வெளியே கதவைத் தாங்கிக்கொண்டிருந்த எழுத்தர், ‘ஹிஞ்ச்’ என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பழுதுப் படிவத்தைத் தேடி ஓடினார்.

இரண்டு வாரத்தில் வாத்தியாருக்கு உத்தரவு வந்தது. மையத்தில் மறதிப் பயிற்சிக்கு முதன்மைப் பயிற்றுநர். தனி அறை, ஜன்னலோடு. அவர் அதைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேஜையில் வைத்து, தனக்கு அது வேண்டாம், ஆயத்தப் பிரிவுக்கு அனுப்புங்கள் என்றார். தலைமையாசிரியர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்த அறைக்கு யாரும் தானாகக் கேட்டுப் போனதாக அவருக்கு நினைவில்லை. காரணம் கேட்டார். வாத்தியார் எதையோ சொன்னார். வாசலில் கண்ணாடி போட்டிருந்த கடிதத்தையும் கழற்றித் தரச் சொன்னார். அது பள்ளிக்கூடச் சொத்து என்று மறுத்துவிட்டார்கள்.

நடைபாதைக் கோடி அறையில் பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். கரும்பலகையில் ஒரே ஓர் எழுத்து, பெரிதாக. தச்சர் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் அதே அட்டைப்பெட்டி. அவரைப் பார்த்ததும் எல்லோரோடும் சேர்ந்து எழுந்து நின்றாள். வாத்தியார் கதவைச் சாத்திவிட்டு வந்து மற்றவர்களை உட்காரச் சொல்லி, கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னார். அந்த அறையில் கணக்கு நடத்தக் கூடாது என்று கதவின் பின்பக்கம் விதி ஒட்டியிருந்தது. பிறகு அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

“இந்தப் பெட்டி மேல இருக்கிறது ஹிங்கே இல்லைம்மா,” என்றார். “ஹிஞ்ச். அன்னைக்கு எனக்கு அந்த வார்த்தை மறந்துபோச்சு. நீதான் எடுத்துக் குடுத்த. நான் திருத்தாம விட்டுட்டேன். நீ இங்க உக்காந்திருக்கிறது என்னாலதான்.”

அவள் பெட்டியின் எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். வாத்தியாரின் மனம், சனியன், தானாக எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு. ஏழையும் தாண்டிப் போயிற்று.

“உங்களுக்கு மறந்துபோச்சுன்னு எனக்குத் தெரியும் சார்,” என்றாள்.

“தெரியுமா?”

“உங்க முகத்துல தெரிஞ்சுது. பின்னாடி அந்த அம்மா வேற இருந்தாங்க. அதான் அவங்களுக்குக் கேக்காத மாதிரி மெதுவாச் சொன்னேன்.”

இந்தப் பிள்ளை இத்தனை மாதமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. தேர்வில் அவ்வளவு நடந்த பிறகும், அப்பாவிடம்கூட, சார் முழித்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அப்ப, ஹிங்கே தப்புன்னும் தெரியுமா?” என்று கேட்டார்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

“அது தெரியாது சார். தப்பா இருந்தா நீங்க சொல்லித் தருவீங்கன்னு நினைச்சேன்.”